புறங்கைச் சூடு

சித்திகா தன் கணவரின் புறங்கையை நம்பி வாழ்ந்தவள். அவள் மட்டுமன்று, கணபதிப் பகுதியில் அவர் வேலை செய்யும் பட்டறையும் அதை நம்பித்தான் நடந்தது. அங்கே உருவாகும் ஒவ்வொரு மோட்டாரும் விற்பனைக்குப் போகும் முன்பு சோதனை மேடையில் ஏற்றி ஓட்டப்படும். சற்று நேரம் ஓடியதும் பஷீர் அருகே வந்து, பேரிங் அமர்ந்திருக்கும் முனையில் வலக்கையின் புறத்தைப் பதித்து, கண்களை மூடிக்கொண்டு நிற்பார். நெடுங்காலக் கடைசல் வேலையில் உள்ளங்கை காய்ப்பேறிவிட்டது, அதற்குச் சூடும் தெரியாது குளிரும் தெரியாது, புறங்கைதான் பொய் சொல்லாது என்பது அவருடைய கொள்கை. அவர் "ஓடட்டும்" என்றால் மோட்டார் ஓடும். "கழட்டு" என்றால் கழற்றப்படும். பட்டறையின் இளைய முதலாளி சாய்கிருஷ்ணா சூட்டை அளக்கும் மீட்டர் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அது பிரிக்கப்படாத உறையோடு மேசை இழுப்பறையில் உறங்கியது.

அந்தப் புறங்கைதான் ஆடி பிறந்த ஒரு மாலையில் மகள் அஃப்ஷீனின் இடது முழங்காலின் மீது பதிந்தது.

கரும்புக்கடைப் பகுதியில் அவர்கள் குடியிருந்த வீடு, ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட வரிசை வீடுகளில் ஒன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் காற்று அந்தப் பருவத்தில் தெருவின் புழுதியையெல்லாம் வாரி வாசற்படியில் கொட்டிவிட்டுப் போகும். சாரல் விழும், விழுந்த சுவடு காய்வதற்குள் வெயிலும் வரும். முன்னறையில் சித்திகா மோட்டாரின் வெளிக்கூடான ஸ்டேட்டருக்குக் கம்பிச் சுருளாகிய காயில் கட்டிக்கொண்டிருந்தாள். பட்டறையிலிருந்து காலையில் வந்திறங்கும் இரும்புக் கூடுகளின் பள்ளங்களில் காகிதம் செருகி, அதன்மேல் செப்புக் கம்பிச் சுருளை இறக்கி, மூங்கில் சிம்பால் அடைத்து நூலால் வரிந்து கட்டவேண்டும். கம்பியின் மேலிருக்கும் பூச்சு எங்கேயாவது உரிந்தால் கூடு முழுவதையும் பிரித்து முதலிலிருந்து கட்டவேண்டியதுதான். ஆகவே அவள் விரல்கள் நாள் முழுவதும் எச்சரிக்கையாக இருந்தன. மாலையில் எச்சரிக்கை தளர்ந்து அவை வலிக்கத் தொடங்கும்.

"சூடு இருக்குதுங்களா?" என்று அவள் நிமிராமலே கேட்டாள்.

"இருக்குது. இருக்கத்தானே செய்யும்" என்றார் பஷீர். "புது பேரிங் எடுத்த ஒடனே சுடும். கிரீஸ் பரவி, உருளை தன்னோட தடத்தப் புடிச்சிருச்சுன்னா தானா ஆறிப்போகும்."

"போன வாரத்துக்கு இந்த வாரம் எச்சா இருக்கற மாதிரி தெரியுதுங்க."

"நடக்கறா இல்ல? ஓட்டம் கூடுனா சூடு கூடும். அம்மணி, நாளைக்கு அந்த முக்கு வரைக்கும் சேத்தி நடந்து பாரு."

"சரிங்கத்தா" என்றாள் அஃப்ஷீன்.

சித்திகா அடுத்த பள்ளத்துக்குக் காகிதத்தை மடித்தாள். கணவர் சொல்லிவிட்ட பிறகு அவளுக்கு அதில் சொல்ல எதுவும் மீதமிருக்கவில்லை. குக்கர் சுட்டாலும் அவரைத்தான் கேட்பாள். அண்டை வீட்டு மிக்சி புகைந்தாலும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள்.

முந்தைய ஆண்டு, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வணிகவியல் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அஃப்ஷீனுக்கு முழங்காலுக்குக் கீழே வலி வந்தது. பேருந்தில் நின்றுகொண்டே போவதால் வந்த வலி என்று எண்ணித் தைலம் தேய்த்தார்கள். பிறகு வீக்கம் வந்தது. படமெடுத்துப் பார்த்ததில் எலும்பில் கட்டி என்றார்கள். கட்டி என்பதைச் சில நாள் கழித்துப் புற்று என்றார்கள். முன்பெல்லாம் இதற்குக் காலையே எடுத்துவிடுவார்கள், இப்போது புற்றுப் பிடித்த எலும்பை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் உலோகத் தண்டும் மூட்டும் பொருத்திக் காலைக் காப்பாற்றலாம் என்று மருத்துவர் கூறியபோது, சித்திகா அழுதாள். பஷீரோ நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் கேட்ட கேள்விகளை மருத்துவர் பிற்காலத்திலும் மறந்திருக்க மாட்டார். தண்டு எந்த உலோகம், மூட்டின் உள்ளே உராய்வைத் தாங்கும் புஷ் உறை உண்டா, உண்டென்றால் அது உலோகமா பிளாஸ்டிக்கா, எவ்வளவு தேய்மானம் தாங்கும் என்று விசாரித்தார். மருத்துவரும் சலிக்காமல் மாதிரி ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பஷீர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகளுக்கு நோய் வந்த நாளிலிருந்து முதன்முறையாக அவருக்குத் தெரிந்த பொருள் ஒன்று அவர் கைக்கு வந்திருந்தது. அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் உக்கடம் குளக்கரையில் வண்டியை நிறுத்தி, மனைவியிடம், கடைசல் என்றால் அதுதான் கடைசல், முகம் பார்க்கலாம் போலிருக்கிறது, நம் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்றார். சித்திகா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தை மாதத்து அறுவைச் சிகிச்சையின் நீண்ட பகலைக் கடந்தாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளன்று செவிலியர் இனியா அவர்களை உட்காரவைத்துப் பேசினாள். கோபி ஊர்ப் பக்கத்துப் பெண். பேச்சில் இழுவையும் பொறுமையும் உண்டு. அஃப்ஷீனுக்குக் கட்டி இருந்த இடத்தில் எலும்பை மூடச் சதை போதாது, ஆகவே கெண்டைக்கால் சதையில் ஒரு பகுதியைத் திருப்பி முன்பக்கம் போர்த்தித் தைத்திருக்கிறார்கள் என்று விளக்கினாள். இன்னும் பல சுற்று மருந்து ஏற்ற வேண்டியிருந்தது. அந்த மருந்து புற்றோடு சேர்த்து உடம்பின் காவலையும் அடித்துவிடும் என்றாள். பல் சொத்தை, குதிகால் வெடிப்பு, நகச்சுற்று எதையும் அலட்சியம் செய்யக்கூடாது. வெறுங்காலோடு தெருவில் இறங்கக்கூடாது.

"இரும்பு நல்ல இரும்புதானுங்க அண்ணா. அதப் பத்தி எங்களுக்குப் பயமில்ல. அதுக்கு மேல இருக்கற சதையும் தோலுந்தான் பயம். கொஞ்ச நாளைக்கு லேசான கதகதப்பு இருக்கும், அது பரவாயில்லைங்க. ஆனா கதகதப்பு கூடிக்கிட்டே போனாலோ, செவந்தாலோ, காயத்துல ஒரு சொட்டு கசிஞ்சாலோ அன்னிக்கே வந்துபோடோணும். அடுத்த செக்கப்புக்கு வரும்போது சொல்லிக்கலாம்னு இருந்துறாதீங்க."

பஷீர் தலையாட்டிக் கேட்டார். எனினும் அவ்வளவு சொற்களில் அவர் வீட்டுக்கு எடுத்துவந்தது ஒன்றைத்தான்: கொஞ்ச நாளைக்குக் கதகதப்பு இருக்கும். அது அவருக்குப் புதிய செய்தியன்று. நாளெல்லாம் அவர் பட்டறையில் சொல்லும் சொல்.

வெயில் காலம் மருந்து ஏற்றுவதில் போயிற்று. அஃப்ஷீனின் முடி உதிர்ந்தது, புருவமும் உதிர்ந்தது. எலும்புக்கு வலுவென்று சித்திகா ஆட்டுக்கால் வாங்கிச் சூப் வைத்தாள். அதன் வாசனை கூடத்துக்கு வந்ததுமே மகள் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குப் போனாள். பிறகு அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைய வடித்த சோற்றில் ஒரு சொட்டு நெய் மட்டும் விட்டுப் பிசைந்து கொடுத்தாள். அது நான்கு வாய் இறங்கும். வெட்டுக்காயத்தின் கீழ்முனை மட்டும் மற்ற இடங்களைப் போல் விரைவில் மூடவில்லை. மருந்து ஏறும் காலத்தில் அப்படித்தான் என்று சொல்லி மருத்துவமனையிலேயே கட்டுப்போட்டுப் போட்டு அதை மூடவைத்தார்கள். வைகாசியில் கடைசிச் சுற்று முடிந்தது. ஆனியில் முடி முளைத்தது. ஒரு மாலை அஃப்ஷீன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அறைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடந்தாள். பஷீர் சப்தமில்லாமல் அழுததை அன்றுதான் சித்திகா கண்டாள்.

அவ்வாறு நடந்த பெண்ணின் காலைத் தொட்டுத்தான் ஆடியில் அவர் "ஓடட்டும்" என்றார்.

அஃப்ஷீன் தெருமுக்கு வரை நடந்தாள். அண்டை வீட்டு நேஹா, அவள் பள்ளித் தோழி, தோளோடு தோளாகக் கூட நடப்பாள். திரும்பி வந்ததும் அஃப்ஷீன் கட்டிலில் சாய்ந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். களைப்பு என்பாள். மாலையில் தந்தை வந்து புறங்கையை வைப்பதற்கு முன்பு முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருப்பாள்.

துணி துவைக்கும்போதுதான் சித்திகா அந்தக் கறையைப் பார்த்தாள். மகளின் நைட்டியில், இடது முழங்கால் படும் இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சளாக ஒரு வட்டம் காய்ந்து விறைத்திருந்தது. குழம்புக் கறை என்று எண்ணினாள். குழம்புக் கறை அவ்விடத்தில் எப்படி வரும் என்றும் எண்ணினாள். அன்று சிறுவாணித் தண்ணீர் வரும் நாள். குழாயடியில் குடங்கள் வரிசையில் நின்றன. ஐந்து ஸ்டேட்டர்களை மாலைக்குள் கட்டித் தரவேண்டியிருந்தது. சோப்பை இரண்டு முறை தேய்த்து அலசினாள். கறை போய்விட்டது. போய்விட்டதால் அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாதது எதனால் என்று பின்னாளில் அவள் பலமுறை தன்னைக் கேட்டுக்கொண்டாள். மறதி அன்று. கணவர் கண்ணை மூடிக்கொண்டு மகளின் காலைத் தொட்டு நிற்கும்போது அவர் முகத்தில் ஓர் அமைதி இருந்தது. அந்த வீட்டில் மீதமிருந்த ஒரே அமைதி அதுதான். அதைக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது கறை கட்டிலின் மேல் விரித்த போர்வையில் இருந்தது. அது காயவில்லை. சித்திகா குனிந்து முகர்ந்தாள். அழுகிய வாடை என்று சொல்ல முடியாது. மழையில் நனைந்து அலமாரியில் மறந்துபோன துணியின் வாடை. கூடத்தில் அவள் பாதி கட்டிய ஸ்டேட்டர் ஒன்று செப்பு நுனிகளை நீட்டிக்கொண்டு கிடந்தது. பாதியில் விட்ட கூட்டில் தூசி இறங்கும் என்பதால் எந்த வேலையையும் அப்படி விட்டு எழுந்திருக்காதவள் அவள். அன்று விட்டுவிட்டு உள்ளே போனாள்.

"காலைக் காட்டு கண்ணு."

"ஒண்ணுமில்லீங்கம்மா."

சித்திகா தானே துணியை விலக்கினாள். வெட்டுக்காயத்தின் கீழ்முனையில், முன்பு மூட மறுத்த அதே இடத்தில், கடுகு போல ஒரு வாய் திறந்திருந்தது. அதைச் சுற்றித் தோல் மினுமினுவென்று சிவந்திருந்தது. அவள் உள்ளங்கையை வைத்தாள். செப்புக்கம்பி அறுத்துக் காய்த்த அவள் கைக்குக்கூட அந்தச் சூடு தெரிந்தது.

"எத்தன நாளா இப்படி இருக்குது?"

அஃப்ஷீன் போர்வையின் நுனியைச் சுருட்டினாள்.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"அத்தா தொட்டுப் பாத்துட்டு நல்லாருக்குதுங்கறாரு. சொல்லும்போது அவரு மூஞ்சியப் பாருங்கம்மா. நான் எப்படிச் சொல்றது?" என்றாள் அவள். பிறகு சற்று நேரம் கழித்து, "மறுபடியும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகோணுமேன்னும் இருந்துச்சுங்க" என்றாள்.

சித்திகா கணவருக்குத் தொலைபேசியில் சொல்லவில்லை. சொன்னால் அவர் வந்து தொட்டுப் பார்ப்பார். இருபத்தோராண்டு இல்வாழ்க்கையில் அவர் கையைக் கேட்காமல் அவள் செய்த முதல் காரியமாக ஆட்டோவை அழைத்தாள். வண்டி உக்கடம் பாலத்தின் மேல் ஏறிய பிறகுதான் பட்டறைக்கு அழைத்து, மருத்துவமனைக்கு வந்துவிடுமாறு கூறினாள். எதற்கு என்று அவர் கேட்டார். "காலு கசியுதுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அவர் கை கழுவக்கூட நிற்காமல் வந்திருந்தார். கிரீஸ் படிந்த விரல்களை முழுக்கைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு மருத்துவர் முன் அமர்ந்தார். இரத்தம் எடுத்திருந்தார்கள், ஊசியால் மூட்டிலிருந்து நீரும் எடுத்திருந்தார்கள். நீர் தெளிவாக இல்லை. புற்று திரும்பவில்லை என்பதை மருத்துவர் முதலில் சொன்னார். பிறகு, உலோகத்தைச் சுற்றிக் கிருமி பிடித்துவிட்டது என்றார்.

எதனால் என்று பஷீர் கேட்டார். எந்த இடத்தில் தவறு நேர்ந்தது என்று ஓரிடத்தைச் சுட்டிச் சொல்லுமாறு இரண்டாம் முறையும் கேட்டார். மருத்துவர் ஓரிடத்தையும் சுட்டவில்லை. அறுவை நீண்டது, அவ்விடத்தில் சதை குறைவு, காயம் ஆறும் காலத்திலேயே கடும் மருந்தும் ஏற்ற வேண்டியிருந்தது, கீழ்முனை தாமதமாக மூடியது. இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு கதவைத் திறந்து வைக்கும், எதன் வழியாக நுழைந்தது என்று எவராலும் கூற இயலாது என்றார். அதன் பிறகு, சூடு எப்போதிலிருந்து கூடியது என்று கேட்டார்.

சித்திகா தரையைப் பார்த்தாள்.

"ஆடி பொறந்ததுல இருந்துங்க" என்றார் பஷீர். "நான் தெனமும் தொட்டுப் பாத்தனுங்க."

மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு குரலை உயர்த்தாமல் விளக்கினார். கிருமி உலோகத்தின் மேல் மெல்லிய படலம் போல் படிந்து அதற்கடியில் ஒளிந்துகொள்ளும். மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் போகும். உலோகத்துக்குள் இரத்தம் ஓடுவதில்லை. தொடக்கத்திலேயே வந்திருந்தால் திறந்து கழுவி, பிளாஸ்டிக் புஷ்ஷை மட்டும் மாற்றிப் பார்த்திருக்கலாம். இப்போது முழுவதையும் எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தில் மருந்து கலந்த சிமெண்டுக் கட்டையை வைத்துக் காலை நிறுத்தி, வாரக்கணக்கில் மருந்து ஏற்றிக் காத்திருக்க வேண்டும். இரத்தம் தெளிந்தால் மறுபடியும் தண்டு வைக்கலாம். தெளியாவிட்டால் முழங்காலுக்கு மேலே காலை எடுக்கவேண்டி வரும்.

கடைசி வாக்கியத்தை அவர் அஃப்ஷீனைப் பார்த்துச் சொன்னார். அஃப்ஷீன் தலையை அசைத்தாள். அவளைப் போல் அதை எதிர்பார்த்திருந்தவர் அந்த அறையில் வேறு யாருமில்லை என்று சித்திகாவுக்குத் தோன்றியது.

வெளியே நடைபாதையில் இனியா அவர்களைக் கண்டு நின்றாள். சித்திகா, "நீ சொன்னத நாங்க கேக்கலயே அம்மணி" என்றாள். இனியா, அக்கா சாப்பிட்டீங்களா என்று கேட்டு, கான்டீன் எந்தப் பக்கம் என்று காட்டிவிட்டுப் போனாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

அறுவையன்று கதவுக்கு வெளியே போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் இருவரும் அமர்ந்திருந்தார்கள். சித்திகா டிபன் பாக்ஸில் கொண்டுவந்த இட்லி காய்ந்துகொண்டிருந்தது. நண்பகல் கடந்த பின்பு கதவு திறந்தது. எடுத்ததை உறவினருக்குக் காட்டும் வழக்கப்படி, பச்சை உடுப்பு அணிந்த உதவியாளர் ஒருவர் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து பெயரைச் சொல்லி அழைத்தார். தட்டில், ஒட்டி மூடிய கனத்த பிளாஸ்டிக் பைக்குள், தண்டும் மூட்டும் கிடந்தன. அவர் பொதுவாகக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார் போலும். பஷீர் அவரை நிறுத்தினார்.

தொடக்கூடாது என்றார் உதவியாளர். தொடமாட்டேன் என்று கூறி, பஷீர் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். மூட்டின் வளைவைப் பார்த்தார். புஷ் அமர்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். உதவியாளரைக் கேட்டுத் தட்டைச் சற்றுத் திருப்பச் சொல்லி மறுபுறமும் பார்த்தார். அவர் முகத்தில் சித்திகா ஒரு தவிப்பைக் கண்டாள். ஒரு கீறலாவது, ஒரு தேய்மானமாவது, கடைந்தவன் கை தவறிய ஒரு சிறு மேடாவது அகப்பட வேண்டும் என்று அவர் தேடினார். கதவு மூடிய பின்பும் அவர் குனிந்த நிலையிலேயே நின்றிருந்தார்.

"ஒரு கீறல் இல்ல சித்திகா" என்றார். "வெச்ச மேனிக்கே இருக்குது. பளபளன்னு அப்படியே இருக்குது."

அவள் அவரைக் கைப்பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அவரிடம் கூறுவதற்கு அவளிடம் சில சொற்கள் இருந்தன. பல நாள்களாக அடுக்கி வைத்திருந்தாள். அது மோட்டார் இல்லை, நம் பிள்ளை என்று தொடங்கும் சொற்கள். முதல் கறையை நினைத்தாள். சோப்பைப் போட்டு இரண்டு முறை தேய்த்த கை தன் மடியில்தான் இருந்தது. இட்லி டப்பாவைத் திறந்து அவர் பக்கம் நீட்டினாள்.

ஆவணியும் புரட்டாசியும் மருந்து ஏற்றுவதில் போயின. கழுத்தடியில் பொருத்திய குழாய் வழியாக மருந்து இறங்கிற்று. சிமெண்டுக் கட்டை வைத்த காலில் ஊன்றக்கூடாது. ஆகவே அஃப்ஷீன் படுத்தும் சாய்ந்தும் பொழுதைப் போக்கினாள். நேஹா கல்லூரிப் பாடங்களைக் கைப்பேசியில் அனுப்பினாள். முதலில் படித்தாள், பிறகு திறக்கவில்லை. வாரந்தோறும் இரத்தம் எடுத்தார்கள். கிருமியின் தாக்கத்தைக் காட்டும் எண் குறைந்ததென்று ஒரு வாரம் சொல்வார்கள். அடுத்த வாரம் அங்கேயே நிற்கிறதென்பார்கள். சித்திகா மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். விட்டுவந்த ஸ்டேட்டரைப் பிரித்து முதலிலிருந்து கட்டினாள். அதன் மேல் தூசி கனமாக இறங்கியிருந்தது.

ஒரு முறை சாய்கிருஷ்ணா தாமே வண்டியில் கூடுகளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். வயதில் இளையவர், பஷீரிடம் தொழில் கற்றவர். காபியைக் குடித்துவிட்டுத் தயங்கியபடி நின்றார்.

"அக்கா, அண்ணன் இப்பெல்லாம் மோட்டாரத் தொடறதில்லீங்க. இழுப்பறையில கெடந்த மீட்டர எடுத்து ஒறையப் பிரிச்சுட்டாரு. அத வெச்சுத்தான் பாக்கறாரு. பாத்துட்டு, சரியான்னு எங்கிட்டக் கேக்கறாரு. எனக்கு என்னத்தச் சொல்றதுன்னு தெரியலீங்க."

"சரின்னு சொல்லுங்க தம்பி" என்றாள் சித்திகா.

மகளுக்கு அருகிலும் அவர் முன்போல் வருவதில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று, சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று மனைவியிடம் கேட்பார். கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வார். ஒரு நாள் அஃப்ஷீன் தாயிடம், இந்தக் காலை எடுத்துவிடச் சொல்லுங்கள், மறுபடியும் அறுத்து, மறுபடியும் காத்திருந்து, என்னால் முடியவில்லை என்றாள். அழுதுகொண்டு சொல்லவில்லை, மின்விசிறியைக் குறைக்கச் சொல்வது போலச் சொன்னாள். அதனால்தான் சித்திகா நடுங்கினாள். இன்னும் இரண்டு இரத்தப் பரிசோதனை பார்ப்போம், பிறகு நீ சொல்வதைக் கேட்கிறோம் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தாள். அதைக் கணவரிடமும் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. "அவ காலு. அவதான் சொல்லோணும்" என்றார்.

இரண்டாவது பரிசோதனையில் எண் இறங்கி, இறங்கிய இடத்தில் நின்றது. மூட்டிலிருந்து எடுத்த நீரில் கிருமி வளரவில்லை. மறுபடியும் தண்டு வைக்கலாம் என்றார் மருத்துவர். ஆனால் கழுவிக் கழுவி எடுத்ததில் முழங்காலை இயக்கும் சதையும் நாரும் போதாமற் போயின. ஆகவே மடங்கும் மூட்டு இனி இல்லை. தொடையிலிருந்து கெண்டை வரை ஒரே நேர்த்தண்டு. ஊன்றலாம், நடக்கலாம், மடக்க முடியாது. கிருமி மீண்டும் வராதென்று உறுதி கூறவும் தம்மால் ஆகாது என்றார். முடிவை அஃப்ஷீனிடமே விட்டார்.

அவள் வெகுநேரம் யோசித்தாள். பேருந்தில் எப்படி உட்காருவது என்று கேட்டாள். தொழுகைக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று தானே சொல்லிக்கொண்டாள். கடைசியில், "மடங்காட்டிப் போகுதுங்க. நிக்கட்டும்" என்றாள்.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வாசற்படி மூன்றையும் பக்கவாட்டில் ஏறி, காலை ஒரு வட்டம் போல் சுழற்றி உள்ளே வைத்தாள். கட்டிலின் மேல் அந்தக் கால் நேராக நீண்டு அறையின் பாதியைப் பிடித்துக்கொண்டது. அடுக்களைக்குப் போகிறவர்கள் இனி சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். சித்திகா சுற்றிக்கொண்டு போய் அரிசியும் பருப்பும் களைந்து குக்கரில் வைத்தாள்.

பஷீர் பட்டறையிலிருந்து வந்தார். கை கால் கழுவினார். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். கட்டிலுக்கு அருகில் தரையில் அமர்ந்தார். சித்திகா அடுக்களை வாயிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய வலக்கை தானாக எழுந்தது. விரல்கள் மடங்கி, புறங்கை முன்னே வந்தது. பாதி வழியில் நின்றது. அவர் அதைத் திரும்ப எடுத்து மடியில் வைத்து, இடக்கையால் மூடிக்கொண்டார்.

"கண்ணு, வலிக்குதா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லி அஃப்ஷீனுக்குப் பழக்கமாகியிருந்தது. தந்தையின் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்கள் திறந்திருந்தன.

"வலிக்குதுங்கத்தா" என்றாள்.

"எங்கே வலிக்குது?"

"தொடையில. படியேறி வந்தனுங்கல்ல, அதுல இழுத்துப் புடிச்சுக்கிச்சு. கீழ அவ்வளவா இல்லீங்க. ஆனா நேத்து ராத்திரி கொஞ்ச நேரம் உள்ளுக்குள்ள விண்ணுவிண்ணுன்னு இருந்துச்சு."

"எப்படின்னு சொல்லு. எல்லாத்தையுஞ் சொல்லு. நான் கேட்டுட்டுத்தான் இருக்கறேன்."

அவள் சொல்லத் தொடங்கினாள். ஆடியிலிருந்து தொடங்கினாள். குக்கரில் ஆவி முட்டிக்கொண்டிருந்தது. விசில் சத்தம் கேட்டால் மகள் நிறுத்திவிடக்கூடும் என்று அஞ்சி, சித்திகா அடுப்பை அணைத்தாள். அரிசி இன்னும் வேகவில்லை.